காலியான வாடகை வீட்டுக்குக் குறைந்த செலவில் காவல்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வாடகை வீடு காலியாகிப் பூட்டிக் கிடந்தபோது, பின்பக்கக் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி உள்ளே இறங்கிய எவரோ, பித்தளைக் குழாய்களைக் கழற்றிச் சென்றுவிட்டனர். கேமரா வைக்கச் சொல்லாதவர் இல்லை. ஆனால் இணைய இணைப்பு இல்லாத வீட்டில் அதற்கு மாதந்தோறும் டேட்டா செலவு உண்டு என்பதால், அந்தப் பணத்தை இரும்புக்கே செலவிட்டேன்.

ஜன்னலுக்கு உட்புறமாகக் கிரில் அமைத்தபின் வாசற்கதவைக் கவனித்தோம். பூட்டு எவ்வளவு பெரிதானாலும், அதைத் தாங்கும் கொண்டி நான்கு சிறு திருகாணிகளில் நின்றால், கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினாலே மரத்தோடு பெயர்ந்துவிடும். ஆகவே கொண்டி பொருந்தும் இடத்தில் கதவின் மறுபுறம் வரை துளையிட்டு, வழவழப்பான உருண்டைத் தலை மட்டும் வெளியே தெரியுமாறு நீண்ட போல்ட்டுகளைச் செலுத்தி, உட்புறம் அகன்ற வாஷரும் நட்டும் வைத்து முடுக்கச் சொன்னேன். ஆசாரிக்கு இது அரைநாள் வேலைதான்.

இருட்டியதும் தானே எரியும் சென்சாருடன் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை முன்புறம் மாட்டினேன். இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்குச் சுமார் 3 யூனிட்தான் ஆகிறது. வாசலில் சேரும் விளம்பரத் தாள்களை எதிர்வீட்டு அக்கா எடுத்துவிடுகிறார். அவர் கண்ணுக்கு ஈடான கேமரா ஏது? வீடு காலி என்று ஊருக்கே அறிவிக்கும் வாடகைப் பலகையையும் கேட்டிலிருந்து கழற்றி, தெருமுனை மளிகைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.