செனெக்காவின் ‘மெடியா’வை வாசிக்கும் முறை

கிரேக்கப் புராணக் கதைகளைக் கொண்டு உரோமானியர் இயற்றிய துன்பியல் நாடகங்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பவை ஏறத்தாழ அனைத்தும் கி.பி. முதல் நூற்றாண்டு எழுத்தாளர் செனெக்காவின் பெயரில் வழங்குபவையே. அவற்றுள் முதலில் படிக்கத் தக்கது ‘மெடியா’. கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிதீர்க்கத் தன் இரு பிள்ளைகளையும் கொன்றவளின் கதை அக்கால உரோமில் படித்தவர்கள் நன்கறிந்தது. ஆகவே, அடுத்து என்ன நடக்கும் என்று தேடாமல், அந்த முடிவை அவள் எப்படி வந்தடைகிறாள் என்பதில் கண் வையுங்கள்.

அதற்கு முன், கி.மு. 431இல் ஏதென்சில் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிசின் ‘மெடியா’வை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அங்கே பாடற்குழுவினரான கொரிந்து நகரப் பெண்கள் மெடியாவுக்காக இரங்குகிறார்கள்; ஏதென்சு மன்னன் அடைக்கலம் தர வாக்களிக்கிறான். செனெக்காவிடம் அந்த மன்னனே இல்லை; பாடற்குழுவோ ஜேசனின் மறுமணத்துக்கு வாழ்த்துப் பாடிக்கொண்டு நுழைகிறது. மெடியா முற்றிலும் தனியளாகிவிடுகிறாள்.

அடி எண் அச்சிட்ட மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் தன் பெயரைத் தானே சொல்லும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். உனக்கென்று எதுவும் மிஞ்சவில்லையே என்று செவிலி வருந்தும்போது, 166ஆம் அடியில், “மெடியா மிஞ்சியிருக்கிறாள்” என்கிறாள். சற்றுப் பின் செவிலி “மெடியா” என்று தொடங்கியதும், “ஆவேன்” என்று ஒற்றைச் சொல்லால் இடைமறிக்கிறாள். 910ஆம் அடியில், “இப்போது நான் மெடியா.” இவ்வடிகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அந்தச் சொற்சுருக்கத்தின் வேகம் கண்ணை விடச் செவிக்கே நன்றாகப் பிடிபடும்.

மிக நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் 549ஆம் அடி. பிள்ளைகளைப் பிரிந்து தன்னால் வாழ முடியாது என்று ஜேசன் உருகுகிறான். அவளோ தனக்குள், ‘பிள்ளைகள்மேல் இவ்வளவு பாசமா? நல்லது, சிக்கிக்கொண்டான், அடிக்க இடம் கிடைத்துவிட்டது’ என்று சொல்லிக்கொள்கிறாள். என் கணிப்பில் நாடகம் திரும்புவது இங்கேதான். ஒரு தந்தையின் அன்பே கொலைக்கு வழிகாட்டிவிடுகிறது. சினத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய, உணர்ச்சிகளை அறிவால் ஆள வேண்டும் என்னும் ஸ்டோயிக் நெறித் தத்துவவாதி அல்லவா செனெக்கா? சினம் தனக்கான நியாயத்தைத் தானே திரட்டிக்கொள்வதை இவ்வளவு அருகிலிருந்து காட்டியவர்கள் வெகு சிலரே.

கடைசிக் காட்சியில், யூரிப்பிடிஸ் கதவுக்குப் பின்னே நிகழ்த்திய கொலைகளுள் இரண்டாவதைச் செனெக்கா கூரைமேல், ஜேசனின் கண்ணெதிரே நிகழ்த்துகிறார். பாம்புகள் பூட்டிய தேரில் ஏறும் மெடியாவைப் பார்த்து, ‘நீ செல்லும் இடமெல்லாம் தெய்வங்கள் இல்லை என்பதற்கு நீயே சாட்சி சொல்’ என்று அவன் கதறுகிறான். இந்த 1027ஆம் அடியின் லத்தீன் மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நாடகத்தின் கடைசிச் சொல்லாக நிற்பது ‘தெய்வங்கள்’.