எல்சாட் தேர்வில் எந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது, எப்போது?

நான் எல்சாட் (LSAT) என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு பயிற்சித் தேர்வில் 14-ஆம் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். கேள்வியில் ஒரு வாதம் இருந்தது. அதே அமைப்பில் உள்ள இன்னொரு வாதத்தை ஐந்து ஆப்ஷன்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். விடக்கூடாது என்று மல்லுக்கட்டி நான்கு நிமிடத்துக்கு மேல் செலவழித்தேன். விடை சரிதான். ஆனால் கடைசி நான்கு கேள்விகளைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அந்த நான்கையும் நிதானமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று சுலபமாக வந்துவிட்டன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது.

அமெரிக்காவிலோ கனடாவிலோ சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எல்சாட் எழுதப் போகிறவர்களில், இப்போதுதான் டைமர் வைத்துப் பயிற்சி செய்யத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்விகளைத் தாண்டிப் போவதும் பழக்கத்தால் வருகிற திறமைதான். எங்கே நின்று முடிவெடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் தேர்வு அறையில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது.

படி 1: கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

2024 ஆகஸ்ட்டிலிருந்து தேர்வில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. இப்போது நான்கு செக்‌ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மதிப்பெண்ணுக்குச் சேர்வது இரண்டு லாஜிக்கல் ரீசனிங் (சிறு வாதங்களை அலசுவது), ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்வது). மிச்சமுள்ள செக்‌ஷன் இந்த இரண்டு வகைகளில் ஏதோ ஒன்று, அது மதிப்பெண்ணில் சேராது. எது சேராதது என்று தேர்வின்போது சொல்ல மாட்டார்கள். ஒரு செக்‌ஷன் கடினமாக இருந்தால் “இது கணக்கில் வராததாகத்தான் இருக்கும்” என்று கைவிட்டுவிடாதீர்கள். அதை ஊகிக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை.

ஒரு லாஜிக்கல் ரீசனிங் செக்‌ஷனில் 24 முதல் 26 கேள்விகள் வரை வரும். 25 என்று வைத்தால் ஒரு கேள்விக்கு 84 விநாடி. இது சராசரிதான். சில கேள்விகள் 45 விநாடியில் முடியும், சில இரண்டு நிமிடம் கேட்கும். முடிவெடுப்பதற்கு உதவுகிற விஷயங்கள் இரண்டு. எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு. கடினமான கேள்வி என்பதற்காக ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்காது. அப்புறம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். சரியான விடைகளின் எண்ணிக்கையைத்தான் 120 முதல் 180 வரையிலான அளவுக்கு மாற்றுகிறார்கள். நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வுகளையே எழுதிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் கை தயங்கும். இங்கே எதையும் காலியாக விடக் கூடாது.

படி 2: மூன்று இடங்களில் மட்டும் முடிவெடுங்கள்

“விட்டுவிடலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா” என்று ஒவ்வொரு வரியிலும் யோசித்தால் அதற்கே நேரம் போய்விடும். நான் வைத்திருப்பது மூன்று நிறுத்தங்கள்.

முதல் நிறுத்தம், கேள்வியைப் பார்த்த உடனே. ஐந்து விநாடி போதும். உங்களுக்கு வழக்கமாக நேரம் தின்கிற வகை எது என்று பயிற்சியிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது பேரலல் ரீசனிங், அதாவது அந்த 14-ஆம் கேள்வி மாதிரி ஒரே அமைப்பில் உள்ள வாதத்தைத் தேடுவது. ஐந்து ஆப்ஷன்களிலும் ஐந்து முழு வாதங்களைப் படிக்க வேண்டியிருப்பதால், தெரிந்த விஷயமாகவே இருந்தாலும் நேரம் பிடிக்கும். அதனால் அந்த வகை வந்தால் படிக்காமலே தள்ளிவைத்துவிட்டு, கடைசியில் வந்து பார்ப்பேன். நீளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் தள்ளாதீர்கள். ஏழு வரியில் தெளிவாகச் சொல்லியிருக்கும் கேள்வி, இரண்டு வரியில் முறுக்கிச் சொன்னதைவிடச் சுலபமாக இருப்பதுண்டு.

இரண்டாவது நிறுத்தம்தான் முக்கியம். பத்தியை ஒரு முறை படித்து முடித்ததும், சுமார் 30 விநாடியில் வருவது. அங்கே உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: “இவர் என்ன சொல்ல வருகிறார், எதை வைத்துச் சொல்கிறார்?” இதைச் சொந்த வார்த்தையில் சொல்ல முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் ஆப்ஷன்களுக்குள் இறங்காதீர்கள். புரியாத பத்தியோடு ஆப்ஷன்களைப் படித்தால் ஐந்தும் சரி மாதிரியே தெரியும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். “நகரத்துப் பூங்காக்களில் இரவு விளக்குகள் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு அங்கே திருட்டுப் புகார்கள் பாதியாகக் குறைந்தன. ஆகவே திருட்டைக் குறைத்தது விளக்குகள்தான்.” இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேள்வி. படித்தவுடனே “அதே ஆண்டில் வேறு ஏதாவது மாறியிருக்கலாமே, இரவில் பூங்காவைப் பூட்டத் தொடங்கினார்களோ என்னவோ” என்று மனதில் தோன்றினால் ஓட்டை எங்கே என்று பிடித்துவிட்டீர்கள். ஆப்ஷன்களின் மொழி கரடுமுரடாக இருந்தாலும் இந்தக் கேள்வியை விட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று. “தலைவர் கூட்டத்துக்கு வராவிட்டால் செயலாளர் எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்திட மாட்டார். பொருளாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே தலைவர் வருவார். செயலாளர் கையெழுத்து இல்லாத எந்தத் தீர்மானமும் நடைமுறைக்கு வராது. இந்த ஆண்டு ஒரு தீர்மானமாவது நடைமுறைக்கு வந்திருக்கிறது.” இதிலிருந்து கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டியது எது? நிபந்தனை வாக்கியங்களைச் சங்கிலியாக எழுதிப் பழகியவருக்கு இது 40 விநாடி வேலை. நடைமுறைக்கு வந்தது என்றால் கையெழுத்து இருந்தது, கையெழுத்து இருந்தால் தலைவர் வந்தார், தலைவர் வந்தார் என்றால் பொருளாளர் ஒப்புக்கொண்டார். பழகாதவருக்கோ இதே கேள்வி புதைமணல். ஆகவே எதைத் தாண்டலாம் என்ற பட்டியலை இன்னொருவரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. என் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது நிறுத்தம் ஆப்ஷன்களைப் படித்து முடித்ததும் வருவது. மூன்றோ நான்கோ இன்னும் சாத்தியமாகத் தெரிந்தால் பத்தி சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். ஒன்றுமே பொருந்தவில்லை என்றால் கேள்வியைத் தவறாகப் படித்திருப்பீர்கள். “தவிர” என்ற மாதிரி ஒரு சொல் ஒளிந்திருக்கிறதா என்று ஒரே ஒரு முறை பாருங்கள்.

ஆபத்தானது இரண்டு ஆப்ஷன் மிஞ்சும் நிலை. “கிட்டத்தட்ட வந்துவிட்டோம்” என்ற நினைப்பிலேயே ஒன்றரை நிமிடம் கரையும். அங்கே செய்ய வேண்டியது, இரண்டையும் மறுபடி மறுபடி படிப்பதை விட்டுவிட்டு, அவை எந்தச் சொல்லில் வேறுபடுகின்றன என்று தேடுவது. ஒன்றில் “எல்லா”, மற்றதில் “சில” என்று இருக்கலாம். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு பத்திக்குப் போய்ப் பாருங்கள். 20 விநாடிக்குள் தீரவில்லையா, மனது சாய்கிற பக்கம் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மெதுவாகப் போவது வேறு, நிற்பது வேறு

இதற்குப் படி எண் கொடுக்கவில்லை, எல்லாப் படிகளிலும் இது உள்ளே இருக்கிறது. கடிகாரத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது எனக்குச் சரியாக வரவில்லை. 90 விநாடி ஆனதும் விட்டுவிடு என்று ஒரு விதி வைத்திருந்தேன். இன்னும் பத்து விநாடியில் முடிந்திருக்கும் கேள்விகளை எல்லாம் அதனால் நழுவவிட்டேன். இப்போது பார்ப்பது வேறு. கடைசி 15 விநாடியில் ஏதாவது நகர்ந்ததா? ஒரு ஆப்ஷனை நீக்கினேனா, ஒரு வாக்கியம் புதிதாகப் புரிந்ததா? ஆம் என்றால் ஒன்றே முக்கால் நிமிடம் ஆகியிருந்தாலும் தொடர்வேன். ஒரே வரியைக் கண் மூன்றாவது முறை மேய்கிறது என்றால் 50 விநாடிதான் ஆகியிருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான்.

படி 3: வெறுங்கையோடு போகாதீர்கள்

தாண்டிப் போகும்போது இரண்டு வேலை. ஏதாவது ஒரு விடையைக் குறியுங்கள், பிறகு ஃபிளாக் (திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம்) போடுங்கள். திரையின் கீழே கேள்வி எண்கள் வரிசையாக இருக்கும், ஃபிளாக் போட்டவை அங்கே தனியாகத் தெரியும். திரும்பி வர நேரமில்லாமல் போனாலும் கண்ணை மூடிக் குறித்த விடை ஐந்தில் ஒன்று சரியாக வாய்ப்பு உண்டு, இரண்டு ஆப்ஷனை நீக்கியிருந்தால் மூன்றில் ஒன்று. முழுக்க ஊகமாகக் குறிக்கிற இடங்களில் எந்த எழுத்தைப் போடுவது என்று முன்பே ஒன்றை முடிவு செய்துவையுங்கள். அந்த எழுத்துக்கு விசேஷ சக்தி ஒன்றும் கிடையாது. அங்கே யோசிக்காமல் இருக்கத்தான்.

ரஃப் தாளில் ஃபிளாக் போட்ட கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறியும் போடுவேன். இரண்டு ஆப்ஷன் மிஞ்சியது என்றால் 2, நேரம் தின்கிற வகை என்று தள்ளியது என்றால் நே, புரியவே இல்லை என்றால் ஒரு கேள்விக்குறி. இதன் பயன் அடுத்த படியில்.

படி 4: இரண்டாவது சுற்று

ஃபிளாக் போட்டவற்றை எண் வரிசையில் பார்க்காதீர்கள். முதலில் 2 என்று குறித்தவை. இடைவெளி விட்டு வந்து பார்க்கும்போது விடை சட்டென்று தெரிவது இவற்றில்தான் அதிகம். அடுத்து நேரம் தின்கிற வகை என்று தள்ளியவை. கேள்விக்குறி போட்டவை கடைசியில், நேரமிருந்தால். ஏற்கெனவே குறித்த விடையை மாற்ற வேண்டுமென்றால் குறிப்பான காரணம் ஒன்று இருக்க வேண்டும். “இது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது” என்பது காரணம் ஆகாது.

திரும்பி வருவதும் இலவசம் கிடையாது. பத்தியை மறுபடி படிக்க 20, 30 விநாடி போகும். எட்டுக் கேள்வியைத் தள்ளிவைத்தால் மறுபடி படிப்பதற்கே மூன்று நான்கு நிமிடம் போய்விடும். ஒரு செக்‌ஷனில் மூன்று முதல் ஐந்து வரை என்பது என் அளவு. அதற்கு மேல் போனால் நேரத்தைவிடப் பாடத்தில்தான் பிரச்சினை.

இன்னொன்று: லாஜிக்கல் ரீசனிங்கில் முதல் பத்துக் கேள்விகள் பொதுவாக எளிதாக இருக்கும், போகப் போகக் கடினமாகும். ஆனால் வரிசை கறாரானது இல்லை. 23-ஆம் கேள்வி 16-ஐ விட எளிதாக இருப்பது சகஜம். கடைசிக் கேள்வி வரை போய்ச் சேர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

படி 5: ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில் விதி மாறும்

இங்கே நான்கு தொகுப்புகள், மொத்தம் 26 முதல் 28 கேள்விகள். ஒரு தொகுப்பில் மட்டும் இரண்டு சிறிய பத்திகளை ஒப்பிட வேண்டியிருக்கும். ஒரு பத்தியைப் படிக்க மூன்று நிமிடம் போட்டுவிட்டு, அதன் கேள்விகளை “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளினால் அந்த மூன்று நிமிடமும் போச்சு. வேறு பத்தி படித்துவிட்டுத் திரும்பும்போது முந்தையது மனதில் நிற்காது. அதனால் ஒரு தொகுப்பை விட்டுக் கிளம்புமுன் அதற்குள் ஃபிளாக் போட்டதை அங்கேயே ஒரு முறை பார்த்து முடித்துவிடுங்கள்.

நான்கையும் முடிக்க நேரம் போதாத நிலையில் இருப்பவர்கள் மூன்றை மட்டும் நன்றாகச் செய்துவிட்டு, நான்காவதற்கு ஊகமாகக் குறிக்கலாம். எதை விடுவது? எனக்குத் தலைப்பைவிடக் கேள்விகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஐந்து கேள்விக்காகப் படிப்பதும் எட்டுக் கேள்விக்காகப் படிப்பதும் ஏறக்குறைய ஒரே உழைப்புதான். ஐந்து உள்ளதை விடுங்கள்.

படி 6: கடைசி ஐந்து நிமிடம்

புதிதாக எந்தப் பெரிய கேள்வியிலும் இறங்காதீர்கள். முதலில் கீழே உள்ள எண் வரிசையைப் பார்த்து, காலியாக இருப்பதையெல்லாம் நிரப்புங்கள். அப்புறம் 2 என்று குறித்தவற்றுக்குப் போங்கள். செக்‌ஷன் முடிந்துவிட்டால் மறுபடி அதற்குள் போக முடியாது.

படி 7: பயிற்சியில் இதைத் தனியாகப் பழகுங்கள்

தேர்வை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. (LSAC) அமைப்பின் லாஹப் (LawHub) இணையதளத்தில் இலவசப் பயிற்சித் தேர்வுகள் உண்டு. உண்மைத் தேர்வில் வருகிற மாதிரியே திரை இருக்கும், ஃபிளாக் போடுவதையும் அங்கேயே பழகலாம். ஒரு செக்‌ஷன் முடிந்ததும் விடைகளைப் பார்க்காமல், தாண்டிய கேள்விகளை மட்டும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். நிதானமாகப் போட்டும் நான்கு நிமிடம் ஆனது என்றால் தாண்டியது சரியான முடிவு. 50 விநாடியில் முடிந்தது என்றால் பதற்றத்தில் ஓடியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் பதறினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

தாண்டாமல் நின்றவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்கு மேல் செலவழித்த கேள்விகள் எத்தனை, அவற்றில் எத்தனை சரி? என் நோட்டில் முதல் மாதம் அப்படி 11 கேள்விகள் இருந்தன. சரியானவை நான்கு. அதைப் பார்த்த பிறகுதான் அந்த 14-ஆம் கேள்வி மாதிரி வருகிறவற்றைக் கை தானாகத் தள்ளத் தொடங்கியது.