பழைய நாட்டுப்புறப் பாதையில் ஓடும் முன்: இதை உண்டாக்கியது யார் என்று பாருங்கள்

வரைபடத்தில் ஒரு பழைய பாதை கண்ணில் பட்டதும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் அன்று போனது யார்? படகு இழுத்த குதிரையா, மேய்ச்சலுக்குப் போன மந்தையா, அணிவகுத்த படையா, பொதி சுமந்த கழுதையா? விடை தெரிந்தால், அந்தப் பாதை என் முழங்காலையும் மூச்சையும் என்ன பாடுபடுத்தும் என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 19 ஆண்டுகளுக்கு முன், புகைப்படங்களின் அழகை மட்டும் நம்பி ஒரு பழைய படைவழியைத் தேர்ந்தெடுத்தேன். 14 கிலோமீட்டர், இருபுறமும் பாசி படிந்த கல்வேலி, கோடு கிழித்தது போல நேரான வழி. நேராக இருப்பது சமமாகவும் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். எதிரே வந்த ஒவ்வொரு குன்றின் மீதும் அது நேராக ஏறி நேராக இறங்கியது. ஒன்பதாவது கிலோமீட்டரில் என் இடது முழங்கால் மடங்க மறுத்தது. மீதித் தூரத்தைக் கல்வேலியைப் பிடித்தபடி நடந்து கடந்தேன்.

குதிரை போன வழியும் மந்தை போன வழியும்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது கால்வாய்க் கரைதான். படகை இழுத்த குதிரைக்காகப் போட்ட பாதை அது. தண்ணீர் மேடேறாது, எனவே கரையும் மேடேறாது. பிரான்சின் மிதி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம், 1681-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் செசபீக் - ஒகையோ கால்வாயின் இழுவைப் பாதை ஏறத்தாழ 297 கிலோமீட்டர். இவ்வளவு நீளத்திலும் படகைத் தூக்கி இறக்கும் மதகுகள் உள்ள இடத்தில் மட்டும்தான் சிறு மேடு வரும். சில மீட்டர்தான், அதுவே ஓட்டத்தின் தாளத்தைக் கொஞ்சம் மாற்றித் தரும்.

கால்வாய்க் கரையில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மர வேர்கள். மற்றொன்று, பழைய பாலங்களின் அடிப்பகுதி. அங்கே பாதை குறுகி, தலை இடிக்கும் அளவுக்கு வளைவு தாழ்ந்திருக்கும். அங்கே ஓடாதீர்கள், நடங்கள். நடக்கும்போது பாலத்தின் மூலைக்கல்லைத் தடவிப் பாருங்கள். படகுக் கயிறு உரசி உரசி விரல் நுழையும் ஆழத்துக்குத் தடம் விழுந்த கற்கள் பல பாலங்களில் உண்டு. முதன்முதலில் அப்படியொரு தடத்தில் என் விரலை வைத்தபோது, எத்தனை குதிரைகள், எத்தனை நாட்கள் என்று எண்ணி அங்கேயே நின்றுவிட்டேன். சமதளத்திலேயே ஓடினால் ஒரே தசை ஓயாமல் உழைக்கும், கெண்டைக்கால் இறுகும். ஆகவே வழக்கமான தூரத்தில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மந்தை போன வழிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஸ்பெயினில் பருவத்துக்குப் பருவம் ஆடுகள் இடம்பெயர்ந்த பெருவழிகள் இருக்கின்றன. 1273-இல் பத்தாம் அல்போன்சோ மன்னர் மெஸ்தா என்னும் மேய்ப்பர் அமைப்புக்கு உரிமைகள் வழங்கினார். முதன்மையான வழிகளின் அகலம் ஏறத்தாழ 75 மீட்டர். 1995-இல் வந்த சட்டம் இவற்றைப் பொதுச் சொத்தாகக் காக்கிறது. நடப்பதற்கும் இடம் தருகிறது. இத்தனை அகலமான புல்வெளிப் பாதையில் ஓடும்போது எந்தக் கோட்டில் காலை வைப்பது என்பதை அடிக்கு அடி நீங்களே முடிவு செய்யலாம். காலுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் புல் குழியை மறைக்கும். முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓடி, தரையைக் கணுக்காலுக்குப் பழக்குங்கள்.

படை போன வழி

ரோமானியர்கள் சாலையை நேராகப் போட்டார்கள். ஆகவே ஏற்றம் இறக்கம் மிகுதி. கி.மு. 312-இல் தொடங்கிய, இத்தாலியின் அப்பிய வழியில் பழைய தளம் எஞ்சிய பகுதிகளில் பெரிய பெரிய எரிமலைக் கற்கள் பாவியிருக்கின்றன. வண்டிச் சக்கரம் உழுத பள்ளங்களும் கற்களுக்கு நடுவே இடைவெளிகளும் உண்டு. கல்லின் மேல் ஓடாதீர்கள். ஓரத்தில் மண் தடம் இருக்கும், அதுதான் உங்களுக்கானது.

இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர் கட்டிய ஏட்ரியன் மதில் தனிக் கதை. கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய மதிலின் நீளம் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். அதையொட்டிய நடைபாதை 2003-இல் திறக்கப்பட்டது. அது 135 கிலோமீட்டர். ஓட்டக்காரருக்கு இதில் ஒரு புதையல் இருக்கிறது. ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும், அதாவது சுமார் 1,480 மீட்டருக்கும், ஒரு சிறு கோட்டை. இரு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்கள். கோபுரத்துக்குக் கோபுரம் ஏறத்தாழ 490 மீட்டர்! எல்லாம் இன்று எஞ்சவில்லை. நடுப்பகுதியில் பலவற்றின் அடித்தளம் தெரிகிறது. ஒரு கோபுரம் வரை வேகமாக, அடுத்தது வரை மெதுவாக என்று கடிகாரத்தைப் பார்க்காமலே பயிற்சி செய்யலாம். ஆனால் அந்த நடுப்பகுதிதான் செங்குத்துப் பாறை விளிம்பில் ஏறி இறங்குவது. மதிலின் மேல் ஏறவே கூடாது. மழைக்கால ஈரத்தில் ஆயிரம் கால்கள் ஒரே தடத்தில் விழுந்தால் புல் பிய்ந்து, கீழே புதைந்துகிடப்பவை சிதையும். ஈரம் காய்ந்த மாதங்களில் போங்கள், தேய்ந்த தடத்தை விட்டுத் தள்ளிப் புல்லில் ஓடுங்கள்.

சக்கரமே இல்லாத நாகரிகம் போட்ட வழி வேறு மாதிரி. ஆண்டீஸ் மலையில் இன்காக்களின் கபாக் நியான் வழி மனிதக் காலுக்கும் லாமாவுக்கும் போட்டது. அதில் சாஸ்கி என்னும் தூதர்கள் தொடர் ஓட்டமாகச் செய்தி கொண்டுபோனார்கள். சக்கரத்துக்குச் சரிவு தேவை. காலுக்குப் படி போதும். ஆகவே அங்கே எங்கும் கற்படிகள். படியில் பயிற்சி எடுக்காமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஜப்பானின் நாகசெந்தோ வழியில் மகோமே, ட்சுமாகோ என்ற இரு பழைய தங்கல் ஊர்களுக்கு இடையே சுமார் 8 கிலோமீட்டர். ஊர் விட்டு ஊர் ஓடிப் பார்க்க இதைவிட அழகான அளவு அரிது. மகோமேயிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைவு. மழையில் பாவுகற்கள் வழுக்கும். அங்கே அடியைக் குறுக்கி வையுங்கள். கரடியை எச்சரிக்க வழியில் மணிகள் தொங்கும். கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அடியுங்கள்.

ஏற்றத்தைத் தூரமாக மாற்றுங்கள்

வரைபடத்தில் சம உயரக் கோடுகளை எண்ணி, மொத்த ஏற்றத்தைக் கூட்டுங்கள். நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் நடப்பவர்களுக்காக ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதைத் திருப்பிப் போட்டால் 100 மீட்டர் ஏற்றம் சமதளத்தில் ஏறக்குறைய 800 மீட்டருக்குச் சமம். 12 கிலோமீட்டர் தடத்தில் 350 மீட்டர் ஏற்றம் இருந்தால் 2.8 கிலோமீட்டர் கூட்டுங்கள். உங்கள் உடல் ஓடப்போவது 15 கிலோமீட்டர். தண்ணீரையும் நேரத்தையும் அந்த 15-க்குத் திட்டமிடுங்கள். முழங்கால் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. இறக்கம்தான் முழங்காலைத் தின்னும். செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வான பக்கத்தில் இறங்கும்படி தடத்தின் திசையை வையுங்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு முடிவே காலணியின் விலையைவிட முக்கியம்.

சாய்ந்த வெயிலில் ஓடுங்கள்

ஒரு மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக மூன்று ஆண்டுகள் நடுப்பகலில் ஓடியிருக்கிறேன். வெறும் பச்சை. ஒரு குளிர்கால விடியலில், வெயில் தரையோடு தரையாகச் சாய்ந்திருந்தபோது, அந்த நிலம் முழுவதும் வரிவரியாக எழுந்து நின்றது. மேடும் சாலும், மேடும் சாலும். இடைக்கால உழவர்கள் மண்ணை நடுவை நோக்கியே புரட்டி உழுததால் எழுந்த மேடுகள் அவை. பிறகு புல்தரையாக விட்டதால் அழியாமல் தங்கிவிட்டன. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வரியும் மெல்ல வளையும். நீண்ட ஏரில் பூட்டிய எட்டு எருதுகளை நிலத்தின் முனையில் திருப்ப, அதற்கு முன்பே வளைக்கத் தொடங்க வேண்டும். அந்தத் திருப்பம்தான் நிலத்தில் நிற்கிறது. அந்தக் காலை நான் ஓடவந்ததையே மறந்துபோனேன். அன்றிலிருந்து, அழிந்த ஊர், பழைய கோட்டைமேடு, கைவிட்ட வழி என எது தடத்தில் இருந்தாலும், அந்த இடத்துக்குச் சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளோ மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலோ போய்ச் சேரும்படி புறப்படுகிறேன்.

பள்ளப் பாதைகளுக்கு இது பொருந்தாது. மென்பாறையில் காலும் சக்கரமும் மழையும் நூற்றாண்டுகளாக அரித்து, ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்ட வழிகள் அவை. இருபுறமும் வேர்கள் தொங்க, பகலிலேயே இருட்டாக இருக்கும். உச்சி வெயிலில்தான் அங்கே கால் வைக்குமிடம் தெரியும். மழை பெய்தால் பாதையே ஓடையாகிவிடும். அன்றைக்கு வேறு தடம் பாருங்கள்.

வேலி, கதவு, கன்று

போகும் முன் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் பொதுவழி உரிமை உள்ள பாதைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அவற்றை விட்டு விலகக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடப்பவருக்குப் பெரும்பாலான நிலங்களைத் திறந்துவிட்டிருக்கிறது. சுவீடனிலும் அப்படியொரு உரிமை உண்டு. ஆனால் வீட்டு முற்றத்துக்கும் பயிர் நிற்கும் வயலுக்கும் அது செல்லாது. எங்கும் தெரியாவிட்டால் நிலத்துக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அனுமதித்ததோடு நிற்காமல், வரைபடத்தில் இல்லாத ஏதாவது ஒன்றையும் காட்டினார்கள்.

கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்தின் நடுவே ஒருபோதும் ஓடாதீர்கள். நடந்து, சுற்றி, தள்ளிப் போங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போனால், மாடு துரத்தும்போது கயிற்றை விட்டுவிடுங்கள்; நாய் தப்பிவிடும், நீங்களும் தப்பலாம். உயர்ந்த புல்லில் ஓடினால் முடித்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பானைச் சில்லோ ஆணியோ நாணயமோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடக்கும் இடத்தோடு சேர்த்துப் படமெடுத்து, அந்தப் பகுதியின் தொல்லியல் துறையிடம் சொல்லுங்கள். இடத்தை விட்டுப் பெயர்த்த பொருள் பாதி ஊமையாகிவிடும்.

கைபேசியோடு ஒரு காகித வரைபடமும் மடித்து வைத்திருப்பேன். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. அதில் மூன்றே மூன்று இடங்களைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து, அங்கே மட்டும் நிற்பேன். மூன்றுக்கு மேல் போனால் உடல் குளிர்ந்துவிடும். திரும்பியதும் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கிறேன். ஒரு காட்டின் விதையும் நோயும் அடுத்த காட்டுக்கு என் காலில் ஏறிப் போய்விடக் கூடாது. அது காயும் நேரத்தில், ஓடிவந்த பாதையின் மேல் அதை உண்டாக்கியவரின் பெயரை எழுதிவைக்கிறேன்: குதிரை, ஆடு, படை, தூதர்.