திருகியும் திரும்பாத ஸ்கோப்: என் அனுபவம்

பெங்களூரில் இளம் மருத்துவர்களுக்கு ரப்பர் குடல் பொருத்திய பொம்மையில் கொலனோஸ்கோபி (ஸ்கோப் என்னும் கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) கற்பித்தபோது, ஒரு கோளாறு பல நாட்களை விழுங்கியது. சிக்மாய்டு பகுதியில், அதாவது மலக்குடலுக்கு முன்னுள்ள வளைந்த பெருங்குடலில், குழாய் சுருண்டு கண்ணி விழுந்தால் அதை வலப்புறம் திருகியபடியே பின்னிழுக்க வேண்டும். அவ்வாறே செய்தும் திரையில் காட்சி திரும்பவில்லை, பிடியைத் தளர்த்தியதும் குழாய் பழைய நிலைக்கே சுழன்றது. நேராக இருக்கும் குழாய் 70–80 செ.மீ. அளவிலேயே பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தை எட்டிவிடும். எங்களுக்கோ 100 செ.மீ. உள்ளே போயும், அதற்கு முன்பே வரும் கல்லீரல் வளைவை (கல்லீரலுக்குக் கீழே பெருங்குடல் திரும்பும் இடம்) தாண்ட முடியவில்லை.

ரப்பர் குடலை மாற்றினோம், களிம்பைத் தாராளமாகப் பூசினோம், வேறு ஸ்கோப்பையும் போட்டுப் பார்த்தோம். குழாயின் விறைப்பை மாற்றும் வளையத்தைத் திருப்பி விறைப்பைக் கூட்டியதும் பலன் தரவில்லை.

சேலத்திலிருந்து வந்திருந்த பயிற்சி மருத்துவர்தான், "சார், கண்ணி வெளியிலயும் இருக்குங்க" என்றார். கைக்கும் பொம்மைக்கும் இடையே தொங்கிய குழாயில் ஒரு சுற்று விழுந்திருந்தது; நாங்கள் கொடுத்த திருகல் முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டு, உள்ளே ஏதும் செல்லவிடாமல் தடுத்தது. திரையிலேயே கண் பதித்திருப்பவர்களுக்கு இது தென்படாது.

கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, அந்தக் கண்ணியை ஒளிமூலத்துக்குச் செல்லும் கேபிளுக்கு மாற்றினோம். வெளிக்குழாய் நேரானது, அடுத்த திருகலிலேயே காட்சி திரும்பியது.

இப்போது மேசையை முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, ஆசனவாயிலிருந்து 20–30 செ.மீ. தள்ளிக் குழாயைப் பிடிக்கச் சொல்கிறேன். கேபிள் முறுக்கிக்கொள்ளாதபடி கருவி வண்டியையும் தள்ளி நிறுத்தியிருக்கிறோம்.