லண்டனில் ஓவியம் பார்க்க வெள்ளிக்கிழமை மாலை போங்கள்

லண்டனில் ஓவியம் பார்க்க ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால், அதை வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். டிராஃபல்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரி மற்ற நாட்களில் 6 மணிக்கே மூடிவிடும், வெள்ளியன்று மட்டும் இரவு 9 வரை திறந்திருக்கும். பிரிட்டிஷ் மியூசியம் 8.30 வரை, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 10 வரை. மூன்றிலும் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாக் குழுக்களும் பெரும்பாலும் பகலிலேயே வந்து போய்விடுவார்கள். பகலில் நேஷனல் கேலரியில் வான்கோவின் 'சூரியகாந்திப் பூக்கள்' ஓவியத்தை, தூக்கிப் பிடித்த போன்களுக்கு நடுவே எட்டித்தான் பார்க்க வேண்டும், அப்புறம் ஜாடியின் மேல் 'வின்சென்ட்' என்று அவர் போட்ட கையெழுத்தை எங்கே கவனிப்பது? அங்கேயே உள்ள யான் வான் ஐக்கின் அர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தில் பின்சுவரில் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும், அதற்குள் வாசலில் நிற்கும் இரண்டு பேர் தெரிவார்கள். அதைப் பார்க்கக் கிட்டே போய் நிதானமாக நிற்க இடம் வேண்டும்.

சிறப்புக் கண்காட்சி என்றால் வெள்ளியன்றும் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். ஆனால் நேஷனல் கேலரி சில கண்காட்சிகளுக்கு அன்று மாலை நாம் விரும்பும் தொகையைக் கொடுத்தால் போதும் என்று வைக்கிறது, புக் பண்ணும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் இரவில் எல்லா அறைகளும் திறந்திருக்காது. குறிப்பிட்ட ஒரு அறைக்காகவே போகிறீர்கள் என்றால் அங்கே மட்டும் பகலில் போவதே சரி.