ஆபீஸ் ஓ.எம்.ஆருக்கு மாறுகிறதா? வண்டி இல்லாதவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுங்கம்பாக்கத்திலோ அண்ணா சாலையிலோ இருக்கும் ஆபீஸ், சென்னையின் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) உள்ள நாவலூருக்கோ சிறுசேரிக்கோ மாறப்போகிறது என்று மெயில் வந்ததும், பலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூகுள் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு “சமாளிச்சுக்கலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மேப்பில் அப்போது தெரிவது காலியான ரோட்டில் கார் போகும் நேரம். சொந்த வண்டி இல்லாதவருக்கு ஸ்டாப்புக்கு நடப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, இறங்கி மாறுவது எல்லாம் சேர்ந்ததுதான் பயண நேரம். சிறுசேரி சிப்காட்டில் மெயின் ரோட்டில் இறங்கியதோடு முடிவதில்லை. உள்ளே தள்ளியிருக்கும் கம்பெனிக்கு இன்னொரு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

வேலை நாள் ஒன்றில், உங்கள் ஷிப்ட் நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். காலையில் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறி உட்கார்ந்து போகிறவருக்கும், சாயங்காலம் கேளம்பாக்கத்திலிருந்து நிரம்பி வரும் பஸ்ஸில் நாவலூரில் தொற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சோழிங்கநல்லூர் சந்திப்பிலும் மத்திய கைலாஷ் பக்கத்திலும் என்ன ஆகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஏப்ரலில் பார்த்த கணக்கு நவம்பருக்குச் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நின்றால் மாற்று வழி எது என்று இப்போதே யோசித்துவையுங்கள்.

ஸ்டேஷன் பெயரை நம்பி இறங்குவது இன்னொரு தவறு. பறக்கும் ரயிலில் பெருங்குடி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அது வேளச்சேரிக்குப் பக்கத்தில் உள்ளது; ஓ.எம்.ஆரில் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் பெருங்குடி அங்கிருந்து வெகு தூரம். அந்தப் பகுதிக்குப் போகிறவர்கள் டைடல் பார்க்கை ஒட்டிய திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி ஓ.எம்.ஆர். பஸ் பிடிப்பதே சுலபம்.

“மெட்ரோ வந்துட்டா சரியாயிடும்” என்ற நினைப்பில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி வழித்தடம் ஓ.எம்.ஆர். வழியாகத்தான் வருகிறது. ஆனால் ரயில் ஓடத் தொடங்கும் வரை உங்களுக்குக் கிடைப்பது வேலை நடப்பதால் குறுகிப்போன ரோடு மட்டும்தான்.

செலவுக் கணக்கிலும் கவனம் தேவை. பெண்களுக்கு 2021 முதல் இலவசப் பயணம் இருப்பது சாதாரணக் கட்டண பஸ்களில்தான். உங்கள் நேரத்துக்கு டீலக்ஸ் பஸ்தான் வருமென்றால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மாதம் 1,000 ரூபாய் பாஸ் கட்டுபடியாகுமா என்று பாருங்கள். கம்பெனி போக்குவரத்துப் படி தருவதாகச் சொன்னால் முழுத்தொகையும் கையில் நிற்கும் என்று எண்ண வேண்டாம். மாதம் 1,600 ரூபாய்க்கு இருந்த வருமான வரி விலக்கு 2018 ஏப்ரலிலிருந்து பொதுவாக நீக்கப்பட்டுவிட்டது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஆபீஸ் மாறும் வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான். இடம் மாறிய பிறகு கேட்டால் “எல்லாரும் வர்றாங்களே” என்ற பதில்தான் வரும். வண்டி இல்லாதவர்கள் சேர்ந்து முன்கூட்டியே மெயிலில் கேளுங்கள். கேப் விடுவார்களா, எத்தனை மாதத்துக்கு, அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா, ஷிப்ட்டை அரை மணி நேரம் முன்னே பின்னே தள்ள முடியுமா, வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம்? பதிலும் மெயிலில் வரட்டும். மேனேஜர் நல்லவராகவே இருந்தாலும் நாளை அவர் வேறு டீமுக்குப் போகலாம். கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழக அரசு தரும் அனுமதியில், இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை செய்யச் சொல்ல எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், ஷிப்ட்டில் வரும் பெண்களுக்கு வாகன ஏற்பாடு வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். சலுகை இல்லை, உங்கள் உரிமை. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த மெயிலே போயிருக்காது. அவர்களில் இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் வேலைக்கு வரும்போதோ திரும்பும்போதோ விபத்தில் சிக்கினால், அதையும் பணியில் நேர்ந்த காயமாகக் கருதச் சட்டத்தில் இடம் உண்டு. இதை யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

அவசரப்பட்டு வீடு மாற்றுவது கடைசித் தவறு. காசும் அதில்தான் அதிகம் போகும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். பழைய வீட்டில் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போகிறார், பிள்ளை பள்ளியில் படிக்கிறது என்றால் உங்கள் அலைச்சல் அவர்கள் தலையில் விழும். சில மாதங்கள் போய்வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்குள் புதுக் கட்டடத்தை எத்தனை வருஷ லீசுக்கு எடுத்திருக்கிறார்கள் என்றும் எச்.ஆரிடம் விசாரித்துவிடுங்கள்.