உப்புக்காற்றில் பேக்கேஜ் ஏசி: சாவி கைக்கு வந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் 11 டன் பேக்கேஜ் ஏசி இரண்டு நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. நான் ஏசி மெக்கானிக் அல்ல. விளக்கு, ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கிற ஆள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை, இராயபுரத்துப் பரிசோதனைக் கூடம், திருவொற்றியூர் ஜெபக்கூடம் என்று இந்தப் பக்கத்தில் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாவியைக் கையில் கொடுத்து "இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். கற்றுத்தர ஆள் இருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டு ஸ்பிளிட் ஏசியில் பாதி உள்ளே, பாதி வெளியே. பேக்கேஜ் யூனிட்டில் கம்ப்ரஸர் (வாயுவை அழுத்தும் பம்பு), கண்டென்ஸர் (வெப்பத்தை வெளியே விடும் குழாய்த் தொகுதி), கூலிங் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதி), புளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. மண்டபத்துக் காற்று ஒரு டக்ட் (காற்றுக் குழாய்) வழியாக மேலே வந்து, குளிர்ந்து, இன்னொரு டக்ட் வழியாகக் கீழே போகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன், ஏறத்தாழ 3.5 கிலோவாட். வேலை எல்லாம் ஒரே பெட்டியில் நடப்பதால் ஆபத்தும் ஒரே பெட்டியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரமும், சுழலும் பெல்ட்டும், சுடும் செம்புக் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

முதல் படி: பூட்டு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், புளோயர் பெல்ட்டைப் பார்க்கலாம் என்று பேனலைக் கழற்றினேன். தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டுத்தான் மாடி ஏறியிருந்தேன். அது போதும் என்று நினைத்தேன். கீழே மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தவருக்கு வியர்த்திருக்கிறது; சுவரில் இருந்த பட்டனை அழுத்திவிட்டார். என் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பெல்ட் இழுத்துக்கொண்டு போய்ப் பேனலில் அடித்தது. என் கட்டைவிரல் அப்போது புல்லிக்கு நான்கு விரற்கடை தள்ளி இருந்தது. தகரத்தில் விழுந்த அந்தப் பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. ஓடு, நில் என்று கட்டளை மட்டும் கொடுக்கிறது. எனவே பேனலில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை இவை:

1. தெர்மோஸ்டாட்டில் யூனிட்டை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினைப் பிடித்து இழுக்காதீர்கள்.
2. யூனிட்டின் ஐசொலேட்டரை (யூனிட்டுக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். "ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்" என்று எழுதிய அட்டையை அதில் கட்டித் தொங்கவிடுங்கள்.
3. ஐந்து நிமிடம் காத்திருங்கள். மின்சாரம் போன பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். காத்திருந்த பிறகும் அதன் முனைகளைத் தொடக்கூடாது.
4. மல்ட்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு யூனிட்டின் மூன்று ஃபேஸ்களையும் சோதியுங்கள். மறுபடி பழைய இடத்தில் வைத்துப் பாருங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

நான்காவதைச் செய்து பழகாதவர்கள் எலக்ட்ரீஷியன் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டுதான் பேனலைத் திறக்க வேண்டும். பூட்டுக்கு அதிகச் செலவில்லை. மண்டப நிர்வாகம் வாங்கித் தராவிட்டால் உங்கள் காசில் வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

மாடிக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பேனலைத் திறக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று வேலை செய்யாதீர்கள்.

இயக்குவது

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் மண்டபத்தில் கல்யாணம் கிடையாது. யூனிட் ஒரு மாதம் சும்மா நிற்கும். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் மெயினைப் போட்ட கையோடு கூலிங்கையும் போட்டால் கம்ப்ரஸர் பாழாகலாம். நின்றிருக்கும் நாட்களில் குளிர்பதன வாயு கம்ப்ரஸரின் அடியில் உள்ள எண்ணெயில் கரைந்து தங்கிவிடுகிறது. திடீரென்று ஓட்டினால் எண்ணெய் நுரைத்துக் கிளம்பிவிடும். தேய்மானப் பாகங்கள் எண்ணெயில்லாமல் ஓடும். அதைத் தடுக்கத்தான் கம்ப்ரஸரின் அடியில் ஒரு சிறிய ஹீட்டர் இருக்கிறது. மெயின் ஆன் ஆக இருந்தால்தான் அது சுடும். ஆகவே முதல் நாள் இரவே மெயினைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை அணைத்தே வைத்திருங்கள். குறைந்தது 12 மணி நேரம். யூனிட்டின் கையேட்டில் இன்னும் அதிகமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

அடுத்து, முதலில் புளோயர் மட்டும். இரண்டு நிமிடம் ஓடட்டும். கீழே டக்ட் வாயில் கை வைத்துப் பாருங்கள். காற்று வழக்கத்தைவிட மெலிந்து வந்தால் மூன்று ஃபேஸ் கம்பிகளின் வரிசை மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இந்த வகை புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும், அதனால் பலர் கவனிப்பதில்லை. தெருவில் மின்கம்பி வேலை நடந்த பிறகும், ஜெனரேட்டர் இணைப்பைக் கழற்றி மாட்டிய பிறகும் இதைக் கட்டாயம் பாருங்கள். ஸ்குரோல் வகை கம்ப்ரஸர் (சுருள் வடிவத் தகடுகளால் வாயுவை அழுத்துவது) தலைகீழாகச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரும், குளிர்ச்சி வராது. உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிறகு கூலிங்கைப் போட்டு 24 டிகிரியில் வையுங்கள். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்டுங்கள். அவசரத்துக்கு 18-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. எங்களுடையதைப் போன்ற சாதாரண கம்ப்ரஸர் 24-இல் வைத்தாலும் 18-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18-இல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மின் கட்டணம் மட்டும் ஏறும்.

மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் உடனே கம்ப்ரஸரை ஓட்டாதீர்கள். உள்ளே அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டாலும் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு யூனிட் இருந்தால் ஒன்று சீராக ஓடத் தொடங்கிய பிறகு அடுத்ததைப் போடுங்கள்.

ஹீட் என்ற பட்டன்

வடசென்னையில் மண்டபத்தைச் சூடாக்க யாருக்கும் அவசியம் வராது. ஆனால் பல யூனிட்களில் அந்த வசதியும் சேர்ந்தே வருகிறது. மருந்துக் கிடங்கிலும் ஆய்வகத்திலும் ஈரத்தைக் குறைக்க அது உதவும். காற்றை நன்றாகக் குளிர்வித்து நீரைப் பிழிந்தெடுத்துவிட்டு, லேசாகச் சூடாக்கி உள்ளே விடுவார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ரிவர்சிங் வால்வு மூலம் வாயுவின் பாதையைத் திருப்பி, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவது. கூலிங்கிலிருந்து ஹீட்டுக்கு மாற்றும்போது நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். இன்னொன்று மின் ஹீட்டர். 10 கிலோவாட் ஹீட்டர் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும். புளோயர் காற்று இல்லாமல் அது எரிந்தால் டக்ட்டுக்குள் தீப்பிடிக்கலாம். அதற்காகவே காற்று வந்தால்தான் ஹீட்டர் எரியும்படி ஒரு ஸ்விட்சும், சூடு மிஞ்சினால் துண்டிக்கும் இன்னொரு ஸ்விட்சும் வைத்திருக்கிறார்கள். "அடிக்கடி டிரிப் ஆகிறது, நேரடியாகக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஹீட்டரை அணைத்த பிறகும் புளோயர் சில நிமிடம் ஓடட்டும். நீண்ட நாள் கழித்துப் போட்டால் தூசி கருகும் வாடை சிறிது நேரம் வரும். அது நிற்காவிட்டாலோ புகை தெரிந்தாலோ மெயினை அணையுங்கள். உங்களுக்கு ஹீட் தேவையே இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதன் பிரேக்கரை நிரந்தரமாக அணைத்து வைப்பதே நல்லது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

வாரத்துக்கு ஒருமுறை: ஃபில்டர்

கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் வாரம் ஒருமுறை. மற்றவர்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ஃபில்டரை உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் காற்றும் போகாது. கழுவக்கூடிய வகையாக இருந்தால் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, முழுதாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஃபில்டர் அடைத்தால் கூலிங் காயிலில் பனி கட்டும். பார்த்தவுடன் கத்தியால் குத்தி எடுக்கத் தோன்றும். குழாயில் ஓட்டை விழுந்தால் அத்தனை வாயுவும் போய்விடும். கூலிங்கை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிடுங்கள், தானாக உருகும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பனி கட்டினால் மெக்கானிக் வேலை.

மாதத்துக்கு ஒருமுறை: உப்பும் தண்ணீரும்

எங்கள் மண்டபத்துக்குக் கிழக்கே போனால் காசிமேடு. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கினால் மாடிக் கம்பிகளில்கூடப் பிசுபிசுப்பு தெரியும். அந்த உப்பு கண்டென்ஸரின் அலுமினிய ஃபின்களில் (மெல்லிய தகடுகளில்) படிந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அரிக்கிறது. ஃபின்னும் செம்புக் குழாயும் ஒட்டும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். முற்றிய நிலையில் ஃபின்னை விரலால் தொட்டால் சுண்ணாம்புத் தூளைப் போல உதிரும். நான் வருவதற்கு முன்னால் இருந்த யூனிட் இப்படித்தான் வீணானது.

மருந்து எளிமையானது: நல்ல தண்ணீர். ஐசொலேட்டரைப் பூட்டுங்கள். யூனிட் ஆறட்டும். தோட்டத்துக் குழாயால் மெதுவாக, காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சுங்கள். மோட்டார் மீதும் மின்பெட்டி மீதும் படக்கூடாது. கார் கழுவும் பம்பு வேண்டாம். ஃபின்கள் மடங்கி வழியை அடைத்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம். கடலோரத்தில் பல இடங்களில் அதுவே உப்பு. குடிநீர் வாரியத் தண்ணீரையே பயன்படுத்துங்கள், இரண்டு குடம் அதிகம் செலவானாலும் பரவாயில்லை. பளபளப்பாக்குகிறேன் என்று ஆசிட் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அன்றைக்குப் பளபளக்கும், ஃபின்னின் ஆயுள் அன்றிலிருந்து குறையும்.

அதே நாளில் டிரெயின் தட்டில் (கூலிங் காயிலில் இருந்து வடியும் நீரைப் பிடிக்கும் தட்டு) ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தடையின்றி வெளியேற வேண்டும். நம் காற்றின் ஈரத்துக்கு யூனிட்டிலிருந்து வாளி வாளியாக நீர் வடியும். அடைத்தால் டக்ட் வழியாகச் சொட்டி மணமேடை நனையும். குழாயின் யு-வளைவில் எப்போதும் நீர் நிற்க வேண்டும். அது வற்றினால் புளோயர் அந்த வழியே காற்றை உறிஞ்சி, வடிய வேண்டிய நீரைத் தடுத்துவிடும். ஆனால் வெளியே வடிந்த நீர் மாடியில் தேங்கக்கூடாது. டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்குத் தாழ வேண்டும். ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள். காக்கைக் கூட்டையும் பாருங்கள். கட்டுக்கம்பித் துண்டுகளைக் கொண்டுவந்து கூடு கட்டுகின்றன; அது மின்பெட்டிப் பக்கம் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

ஐப்பசிக்கு முன்னும் புயலுக்குப் பின்னும்

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது பக்கத்து மாடியிலிருந்து ஒரு பேனல் பறந்து எங்கள் மாடியில் வந்து விழுந்தது. திருகு பாதிதான் போட்டிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எல்லாத் திருகும், அடிப்போல்ட்டும், கதவின் ரப்பரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் யூனிட்டை நிறுத்தி ஐசொலேட்டரை அணைத்துவிடுங்கள். தரைமட்டத்தில் இருக்கும் யூனிட்டில் வெள்ளம் ஏறியிருந்தால், வெளியே காய்ந்துவிட்டது என்று மெயினைப் போடாதீர்கள். மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து மோட்டாரின் இன்சுலேஷனைச் சோதித்த பிறகே போட வேண்டும்.

கை வைக்கக்கூடாதவை

வாயு நிரப்புவது, காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றுவது, பிரேசிங் (செம்புக் குழாயைச் சூட்டில் பற்றவைப்பது) எதுவும் நம் வேலை அல்ல. புதிய யூனிட்களில் வரும் ஆர்-32 என்ற குளிர்பதன வாயு தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-410ஏ என்ற வாயு பழைய ஆர்-22 வாயுவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் இயங்குகிறது. ஒன்றுக்கு உரிய கருவியை இன்னொன்றில் போடக்கூடாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: வாயு பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அல்ல. வருடாவருடம் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.

அதிக அழுத்தத்தில் டிரிப் ஆனால் ஒருமுறைதான் ரீசெட் செய்யலாம், அதுவும் கண்டென்ஸரையும் அதன் விசிறியையும் பார்த்த பிறகு. மறுபடி டிரிப் ஆனால் நிறுத்தி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அவர் வந்ததும் கையில் கொடுக்க ஒரு நோட்டு வேண்டும். யூனிட் அரை மணி நேரம் ஓடிய பிறகு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் வெளியே தள்ளும் காற்றின் வெப்பத்தையும் ஒரு தெர்மாமீட்டரால் அளந்து தேதியோடு எழுதுங்கள். வித்தியாசம் பொதுவாக 8 முதல் 11 டிகிரி இருக்கும்; கூட்டமும் ஈரமும் அதிகமான நாளில் சற்றுக் குறையும். எங்கள் இரண்டாம் யூனிட் ஒன்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. வைகாசியில் எட்டு, ஏழு, ஆறு என்று மூன்று வாரத்தில் இறங்கியது. மண்டபத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நோட்டைப் பார்த்த மெக்கானிக் நேராகக் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது இணைப்பில் கடுகளவு குமிழ் ஒன்று மெல்ல ஊதிப் பெருகியது.